கற்றாழை பக்கெட்டில் இரண்டு குஞ்சுகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. பழைய பெயிண்ட் பக்கெட் ஒன்றில் சோற்றுக்கற்றாழை வளர்த்துவந்தோம். அதற்குள் தவிட்டு நிறப் புறா ஒன்று நாலு குச்சியைப் போட்டு, அதையும் ஒரு கூடு என்று நம்பி, இரண்டு முட்டை இட்டது.

குஞ்சு பொரித்ததும் என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டு வலி என்று தெருமுனைக் கோயிலுக்கே ஆட்டோ கேட்பவள், காலையும் மாலையும் படியேறி வந்து எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவாள். பிள்ளைகள் இருவரும் பிரான்சில். வீட்டில் பேச்சுத்துணைக்கு நான் ஒருவன்தான். நான் வாயைத் திறந்தால் பாதி குறைதான் வரும். அவள் புறாவோடு பேசிக்கொண்டிருந்தது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வாரமே புயல் எச்சரிக்கை வந்தது. புயல் என்றால் எங்கள் ஊரில் முதல் வேலை, மாடியில் இருக்கும் தொட்டிகளை உள்ளே எடுத்துவைப்பது. முன்பு ஒருமுறை எங்கள் தொட்டி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை உடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் மாடிப்படி அறையில் அடுக்கிவிட்டு, கடைசியில் பக்கெட்டுக்கு வந்தேன்.

"அத மட்டும் வுடுங்க. செவுரு மறைவுலதான கெடக்குது? நம்மள வுட அதுக்குக் காத்து மழ தெரியும்" என்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

நான் கிட்டே போனதும் தாய்ப்புறா பறந்துவிட்டது. புயல் விட்டதும் வந்துவிடும் என்று நினைத்தேன். பக்கெட்டை உள்ளே வைத்து, குஞ்சுகளுக்குக் குளிருமே என்று துண்டு போட்டு மூடி, கதவைத் தாழிட்டேன். ஏதோ சாதித்துவிட்ட பெருமை வேறு.

சாயங்காலம் மாடிக் கதவில் என்னவோ வந்து மோதியது. சற்று நேரம் கழித்து மறுபடியும்.

"போய்ப் பாருங்களேன்" என்றாள்.

"காத்துடி" என்று சொல்லிவிட்டு டிவியில் புயல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

புயல் வேறு பக்கம் போய்விட்டது. எங்களுக்கு வெறும் தூறல்தான். விடிந்ததும் மாடிக் கதவைத் திறந்தேன். கதவடியில் இரண்டு மூன்று இறகுகள் கிடந்தன. பக்கெட் இருந்த இடத்தில், தரையில் வட்டமாகப் படிந்திருந்த கறையின் மேல் புறா நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது.

ஓடிப்போய் பக்கெட்டைத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே வைத்தேன். இரண்டு குஞ்சும் விறைத்துக் கிடந்தன. புறா உள்ளே ஏறி, அந்தக் குஞ்சுகளின் மேலேயே அடைகாப்பதுபோல் உட்கார்ந்தது. மத்தியானம்வரை அசையவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

புறா போனபிறகு மனைவி குஞ்சுகளைக் கற்றாழை அடியிலேயே புதைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அதற்கப்புறம் அவள் மாடி ஏறவில்லை. கேட்டால் மூட்டு வலி என்கிறாள்.

புயல் என்றால் இப்போதும் தொட்டிகளை எடுத்துவைக்கிறேன், அந்த பக்கெட்டைத் தவிர. புறா அதற்குத் திரும்பி வரவே இல்லை. மாடிக் கதவு காற்றில் லேசாக ஆடினாலும் எழுந்து போய்த் திறந்து பார்க்கிறேன். அன்றைக்கு ஒரு தடவை எழுந்து போயிருந்தால் அந்தத் தாய் தன் குஞ்சுகளிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.