பட்டாளத்துப் பை

போன வாரம் பக்கத்து வீட்டு ரம்யா, ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகும் தன் மகளுக்குப் பை வாங்க என்னையும் கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் ஒரு பையின் வாயைத் திறந்து காட்டினார். புது ரெக்சினும் பசையும் கலந்த வாடை. "முதுகை விட்டு வெளிய போகக் கூடாதுங்க, இடுப்புக்குக் கீழ தொங்கக் கூடாது" என்று விளக்கிக்கொண்டே போனார். நானும் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினேன். என் மூக்கு அதற்குள் மூணாறுக்குப் போய்விட்டிருந்தது. என் முதல் பையில் இந்த வாடை கிடையாது. மழையில் நனைந்த கான்வாஸ் வாடையும், அதோடு கொஞ்சம் உருளைக்கிழங்கு மண் வாடையும்தான். பள்ளிக்கூடப் பைக்குள் உருளைக்கிழங்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. அம்மா கொழுந்து எடுத்தாள். என்னைப் பள்ளியில் சேர்க்கும் பேச்சு வந்தபோது, அப்பா அலுமினியப் பெட்டி என்று முடிவே செய்துவிட்டார். அன்றைக்கு அதுதான் கௌரவம். அடுத்த வீட்டு சண்முகத்தாய்க்கு ஏற்கெனவே ஒன்று வந்துவிட்டது. என் வயதுதான் அவளுக்கும். பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது போய் அதைத் திறந்து மூடுவேன். உள்ளே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்ப்பேன்.

அம்மாவுக்கு மட்டும் பெட்டி மேல் சந்தேகம். பாரம் எங்கே உட்கார்ந்தால் உடம்பு எப்படிச் சாயும் என்பது கொழுந்துக் கூடை சுமந்தவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாயின் பெட்டியை இரவல் வாங்கி, உள்ளே நாலைந்து உருளைக்கிழங்கைப் போட்டு, அப்பாவையும் என்னையும் ஓடைக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் அந்தக் கரையில். குறுக்கே இரண்டு மரத்தடிகள், பிடித்துக்கொள்ள இரு பக்கமும் கம்பி.

"நட" என்றாள்.

ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கம்பி. பாதி தூரத்தில் பெட்டி முழங்காலில் இடித்தது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்து என் கவுனைப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"பாத்தீகளா? புள்ளைக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கணும்."

"அப்ப தோள்ல மாட்டுற துணிப்பை வாங்குவோம்" என்றார் அப்பா.

"அது ஒரு பக்கமா இழுக்கும். மழையில புத்தகம் கூழாப் போயிரும். முதுகுல ஏத்துற மாதிரி ஒண்ணு பாருங்க."

"முதுகுல ஏத்த அவ என்ன பொதிக் கழுதையா?" என்று சிரித்தார் அப்பா. அம்மா அவரைப் பார்த்தாள். தினமும் முதுகில் கூடையோடு மலை ஏறுகிறவள் அவள். அப்பா சிரிப்பைத் தானே நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் மூணாறு பஜாரில், பட்டாளத்துப் பழைய கோட்டும் பூட்ஸும் தரையில் விரித்திருந்த ஒருவரிடம் அது கிடைத்தது. பச்சைக் கான்வாஸ், இரண்டு பக்கமும் வார். அம்மா உடனே வாங்கிவிடவில்லை. பக்கத்து மலைக்கிராமம் வட்டவடையிலிருந்து வந்திருந்த உருளைக்கிழங்கில் இரண்டு கிலோ வாங்கிப் பைக்குள் கொட்டி என் முதுகில் மாட்டினாள். "குதி" என்றாள். குதித்தேன். "ஓடு" என்றாள். சந்தை முழுக்க வேடிக்கை பார்க்க ஓடினேன். "குனி" என்றதும் பை தலைக்கு மேல் ஏறி என்னைக் கவிழ்த்தது. வார் நீளம். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அறுத்துத் தைக்கச் சொன்னாள்.

"புள்ளைய பட்டாளத்துக்கா அனுப்புறீக?" என்று கேட்டார் விற்றவர்.

பள்ளிக்கூடத்திலும் அதே பெயர்தான் நின்றது. முதல் நாளே எல்லோருக்கும் நான் 'பட்டாளம்'. வீட்டுக்கு வந்து பெட்டிதான் வேண்டும் என்று சோறு தின்னாமல் அழுதேன். அம்மா சட்டை பண்ணவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, நல்ல காற்று. எனக்கு முன்னால் சண்முகத்தாய் ஓடையின் மரத்தடிகள்மேல் போய்க்கொண்டிருந்தாள். பெட்டி கம்பியில் மோதியது. கையை விட்டுப் போய்விட்டது. விழுந்ததும் முழுகவில்லை, ஓடம்போல மிதந்தது. எங்களுக்கு ஒரே ஆச்சரியம். எங்கே வரை போகும் என்று பார்க்க நாங்கள் ஐந்தாறு பேர் கரையோடு ஓடினோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளை ஒருத்தரும் நினைக்கவில்லை. வளைவில் பெட்டி மறைந்த பிறகு திரும்பினால், அவள் இன்னும் மரத்தடிகளின் நடுவிலேயே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். அழக்கூட இல்லை. நான் போய்ப் பின்பக்கமாக அவள் கவுனைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனேன். அந்தக் கரை சேர்ந்த பிறகுதான் அழுதாள்.

"போனது பெட்டிதான், புள்ள போகலல்ல" என்றாள் அவள் அம்மா அன்று சாயங்காலம். மறு ஞாயிறு பஜாரில் என்னுடையதைப்போல இன்னொரு பை தேடினார்கள். கிடைக்கவில்லை.

"ஒரு பைக்குள்ள ரெண்டு பேரு புத்தகமும் கொள்ளும்" என்று சொல்லிவிட்டாள் அம்மா. போகும்போது நான் சுமப்பது, வரும்போது அவள். வார் என் அளவுக்குத் தைத்தது. அவள் என்னைவிட ஒல்லி. நழுவாமலிருக்க இரண்டு வாரையும் நெஞ்சருகே சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் இரண்டு பட்டாளம்.

இரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறைக்கு நாங்கள் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பியபோது, அடுத்த வீட்டில் வேறு ஆட்கள். சண்முகத்தாயின் அப்பா வேலையை விட்டுவிட்டாராம். வேலை இல்லையென்றால் லயத்தில் வீடு இல்லை. தெற்கே எங்கோ போனார்கள் என்றார்கள். பையைத் திறந்தால் அடியில் அவளுடைய தமிழ்ப் புத்தகம். அம்மா அதை டீச்சரிடம் கொடுத்துவரச் சொன்னாள். டீச்சர் வாங்கி அலமாரியில் வைத்தார்.

சில வருஷங்களுக்கு முன் அங்கே போயிருந்தேன். ஓடைக்கு மேல் கான்கிரீட் பாலம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஜீப்பில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. லயத்தில் வீடு வீடாகச் சண்முகத்தாயை விசாரித்தேன். மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு நிமிர்ந்து பார்க்க அங்கே ஒருவரும் மிச்சமில்லை.