ஒன்பதாவது கல்

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் கல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் இந்த பாசல் நகரத்துக்கு வந்து நாலு வருடமாகியும் எனக்கு ஜெர்மன் வரவில்லை. கணவருக்கு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை. அங்கே எல்லோரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள், அவர் தப்பித்தார். எனக்குக் காய்கறிக் கடை, டிராம், தபால் ஆபீஸ் என்று எங்கே போனாலும் கை ஜாடைதான். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஃப்ராவ் சூட்டர் என்கிற அம்மாளின் வீட்டுக்குப் போகிறேன். எழுபது வயதைத் தாண்டியவர், கணவர் காலமாகிவிட்டார். அவர் எனக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறார். பதிலுக்கு நான் ஒரு ஃபிளாஸ்க் மிளகு ரசம் கொண்டு போகிறேன். என் ஜெர்மனைவிட அவருடைய ரசம் குடிக்கும் திறமை வேகமாக முன்னேறிக்கொண்டிருக்கிறது.

அவர் வீட்டின் பின்புறம் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. கணவர் கோபே நகரத்தில் பல வருடம் வேலை பார்த்தவராம். ஊர் திரும்பியதும் அங்கிருந்து ஒரு தோட்டக்காரரை வரவழைத்து, மூன்று மாதம் வீட்டிலேயே தங்கவைத்துச் செய்துகொண்டது.

தோட்டம் என்றதும் பூ, புல்தரை, மீன் குளம் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். ஒரு பூ கிடையாது! ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது! பாட்மிண்டன் கோர்ட் அளவுக்கு வெள்ளைச் சரளை. அதில் சீப்பு மாதிரிப் பல் வைத்த நீளமான மர வாரியால் இழுத்த கோடுகள். ஆங்காங்கே முக்கால்வாசி மண்ணுக்குள் புதைந்த ஒன்பது கற்கள். இதற்கா மூன்று மாதம் என்று ஜெர்மனில் கேட்க வாயெடுத்து, வார்த்தை கிடைக்காமல் ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன்.

சரளைதான் கடலாம். கோடுகள் அலைகள், கற்கள் தீவுகள். இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. வராந்தாவில் எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தாலும் எட்டுக் கற்கள்தான் தெரியும். ஏதாவது ஒன்று இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். இடம் மாறி உட்கார்ந்தால் அது வெளியே வரும், வேறொன்று மறைந்துவிடும். வேண்டுமென்றே அப்படி வைப்பார்களாம். ஃப்ராவ் சூட்டர் எனக்கு எண்களைக் கற்றுக்கொடுத்ததே இந்தக் கற்களை வைத்துத்தான். ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை என்று தொடங்கி ஆக்ட்டில், அதாவது எட்டில், நின்றுவிடுவேன். ஒன்பதுக்கு நொய்ன் என்பார்கள் என்று தெரியும். சொல்லத்தான் வாய்ப்பு வந்ததில்லை.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் மரியதாஸ் அண்ணன். எங்கள் கட்டடத்தின் மேல் மாடியில் இருக்கும் ஜெசிந்தாவின் அண்ணன், மன்னார்க்காரர். ஃப்ராவ் சூட்டருக்கு ஆள் வேண்டும் என்றதும் நான்தான் சேர்த்துவிட்டேன். தினமும் காலையில் சரளையில் வாரியால் கோடு இழுக்க வேண்டும். வேலையின் சூட்சுமம் இதுதான் – பின்னோக்கி நடந்தபடியே இழுக்க வேண்டும். நடுவில் ஆரம்பித்து, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு, ஓரத்துக்கு வந்து மேலே ஏறிவிட வேண்டும். ஆள் வந்து போன தடமே இருக்கக் கூடாது.

மரியதாஸ் அண்ணனின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இலங்கைச் சண்டையில் ஊர் காலியானபோது அவரும் மனைவி பிலோமினாவும் படகேறி இராமேஸ்வரத்துக்குக் கிளம்பினார்கள். வழியில் படகு பாரம் தாங்கவில்லை. நடுக்கடலில் இருந்த ஒரு மணல் திட்டில் ஆறு பேரை இறக்கிவிட்டு, மற்றவர்களைக் கரை சேர்த்ததும் திரும்பி வந்து ஏற்றிக்கொள்வதாகப் படகோட்டி சொன்னான். மரியதாஸ் அண்ணனுக்குக் காலில் காயம். அவரைப் படகிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பிலோமினா இறங்கிக்கொண்டார். கரையில் மற்றவர்களை இறக்கிவிட்டு அதே படகில் இவரும் திரும்பி வந்தார். திட்டு இருந்தது. ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை. வேறு படகு ஏற்றிக்கொண்டு போனதா, அலை கொண்டுபோனதா... இன்றுவரை ஒரு தகவலும் கிடையாது. இரண்டு வருடம் முகாம் முகாமாக அலைந்து தேடிவிட்டுத் தங்கையிடம் வந்து சேர்ந்தார்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒரு காரியம் செய்தேன். ஜப்பானியத் தோட்டம் பிறந்த கதையை ஃப்ராவ் சூட்டர் ஒருநாள் எனக்கு இங்கிலீஷில் சொல்ல, பக்கத்தில் நின்ற மரியதாஸ் அண்ணனுக்கு அதை உற்சாகமாகத் தமிழில் சொன்னேன்.

கதையின் தொடக்கம் சீனாவில். கிழக்குக் கடலில் சாவே இல்லாதவர்கள் வாழும் தீவுகள் இருப்பதாக அங்கே ஒரு நம்பிக்கை. பேரரசர் ஒருவர் கப்பல் அனுப்பித் தேடச் சொன்னார். போனவர்கள் திரும்பவில்லை. பின்னால் வந்த இன்னொருவர் வேறு விதமாக யோசித்தார். நாம் போக முடியாவிட்டால் என்ன, அந்தச் சாவில்லாதவர்களை இங்கே வரவழைத்தால் போகிறது! அரண்மனையில் பெரிய குளம் வெட்டி, அதே மாதிரித் தீவுகளைக் கட்டிவைத்தார். தங்கள் இடம் என்று ஏமாந்து வந்து இறங்கமாட்டார்களா? அந்தக் குளமும் தீவுகளும்தான் பிற்பாடு ஜப்பானுக்குப் போயின. ஜென் துறவிகளின் மடங்களில் தண்ணீரையும் எடுத்துவிட்டார்கள். கல்லும் சரளையும் மிஞ்சின. அதற்கும் முந்திய வழக்கம் ஒன்று ஜப்பானிலேயே இருந்ததாம். தெய்வம் இறங்கி வருவதற்காகக் கோயிலின் முன்னால் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, யாரும் மிதிக்காமல் காலியாக விட்டுவைப்பார்களாம்.

அதாவது, இது பார்த்து ரசிக்க வைத்த இடம் இல்லை. யாரையோ வரவழைக்க வைத்த இடம்.

"அப்ப, இடத்தைச் சரியாச் செய்து வைச்சா வருவினமோ?" என்று கேட்டார் மரியதாஸ் அண்ணன்.

"அப்படித்தான் நம்பினாங்களாம் அண்ணா" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஜெசிந்தா ஒரு வெள்ளைத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். நவம்பர் மாதம் கத்தோலிக்கர்களுக்கு இறந்தவர்களின் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், தமிழ்ப் பூசையில் ஃபாதர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் வந்ததும் வீட்டார் எழுந்து போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

"அக்கா, உங்கட கையெழுத்து நல்ல வடிவு. ஃபாதருக்கு வாசிக்கச் சுகமா இருக்கும். எழுதித் தாங்கோ."

அவளுடைய அப்பா, அம்மா, பெரியப்பா என்று எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "அண்ணியின்ரை பேரையும் போடுங்கோ" என்றாள்.

"நல்லதுதான் ஜெசிந்தா. அண்ணனுக்கும் மனசு ஆறும்" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டு, கணவர் பெயரையும் சேர்த்து மரியதாஸ் பிலோமினா என்று குண்டு குண்டாக எழுதினேன். அண்ணனைக் கேட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அடுத்தவர் துக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதில் நமக்குத்தான் எவ்வளவு அவசரம்!

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று மூடுபனி. ரைன் நதிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து தெருவையே விழுங்கியிருந்தது. எதிர் வீட்டு மணிச் சத்தம்கூடத் தூரத்தில் கேட்டது. ஃப்ராவ் சூட்டர் அடுக்களையில் ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்து வழக்கம்போல எண்ண ஆரம்பித்தேன். சரளையில் கோடுகள் புதிதாக இருந்தன. எங்கும் ஒரு காலடி இல்லை. ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை... ஆக்ட்.

நொய்ன்.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினேன். நொய்ன். நடுவில் சாம்பல் நிறத்தில் புதிதாக ஒரு கல். மற்றக் கற்களைச் சுற்றி இருப்பதுபோலவே அதைச் சுற்றியும் வட்டம் வட்டமாக அலை வரைந்திருந்தது.

அந்தக் கல் இருமியது.

என் கையிலிருந்த நோட்டுப் புத்தகம் கீழே விழுந்துவிட்டது. நன்றாகப் பார்த்தால் மரியதாஸ் அண்ணன்! சாம்பல் நிற மழைக்கோட்டைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். வாரி மடியில் கிடந்தது. எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு வருபவர், அன்று ஓரத்திலிருந்து நடுவுக்குப் பின்னோக்கி நடந்து, தன் தடத்தை அழித்துக்கொண்டே போய் உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணா! என்ன இது? எவ்வளவு நேரமா இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"சத்தம் போடாதேங்கோ தங்கச்சி. விடிஞ்சதிலை இருந்து இருக்கிறன்."

"குளிர் ஒத்துக்காது. வெளியே வாங்க."

"அண்டைக்கு நாங்கள் திரும்பிப் போகேக்கை மணல் இப்பிடித்தான் கிடந்தது. கோடு கோடா. ஒரு காலடி இல்லை. அதே மாதிரிச் செய்து பாத்தனான்" என்றார். காய்ச்சல் கண்டவர் குரல் மாதிரி இல்லை. மிகவும் நிதானமாகத்தான் பேசினார். "வந்து இறங்கினா அவ என்னைத் தேட வேணுமெல்லோ. அதுதான் நடுவிலை இருந்தனான்."

  கீழே கிடந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஜெசிந்தா அந்தத் தாளைக் காட்டினவள்" என்றார். "உங்கட எழுத்தெண்டு கண்ட உடனை தெரிஞ்சிட்டுது. செத்த ஆக்களோடை சேத்து அவவின்ரை பேரை எழுதிப்போட்டியள். பிறகு அவ எந்தப் பேரிலை வாறது, தங்கச்சி?"

"அதை அடிக்கச் சொல்லிடறேன் அண்ணா, எழுந்திருங்க" என்று கெஞ்சினேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அலைகளைக் குறுக்கே மிதித்து என்னிடம் வந்தார். சரளையில் வெளியே வரும் காலடிகள் மட்டும் இருந்தன, உள்ளே போனவை இல்லை. கடலுக்குள்ளிருந்து ஏறி வந்த ஆள் மாதிரி என் பக்கத்தில் நின்று வாரியின் பற்களைத் துடைத்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. மறுபடியும் கல் எண்ணினேன்.

நொய்ன்.

அவர் என் பக்கத்தில் நிற்கிறார்! எழுந்து வராந்தாவின் அந்த மூலைக்குப் போய் எண்ணினேன். நொய்ன். அதற்குள் ஃப்ராவ் சூட்டர் தட்டோடு வந்துவிட்டார். "இங்கிருந்து எத்தனை கல் தெரியும்?" என்று கேட்டேன். "எட்டு. எப்போதும் எட்டுதான்" என்றபடி தோட்டத்தைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு, "இன்று பனி அதிகம், உள்ளே போகலாம்" என்று சொல்லி எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். நான் மரியதாஸ் அண்ணனிடம் அந்த ஒன்பதைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவார்.

அன்று சாயங்காலமே ஜெசிந்தாவிடம் போனேன். தாளை ஏற்கெனவே ஃபாதருக்குக் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. போன் பண்ணிப் பெயரை எடுக்கச் சொல் என்றேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஒருக்கா வாசிச்சு முடியட்டும் அக்கா. அண்ணை வாய்விட்டு அழட்டும். இப்பிடியே விட்டா அவருக்கு விசர் பிடிச்சிடும். பிறகு நான் அவரையும் எங்கை தேடுறது?"

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. கல்லோடு கல்லாக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் எழுதிய கை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் நானே நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, டிராம் பிடித்து சர்ச்சுக்குப் போனேன். ஃபாதர் வேறு ஊரிலிருந்து வருபவர். ரயில் தாமதமாகி, ஓடி வந்து, அங்கியை மாட்டிக்கொண்டு நேரே பீடத்துக்குப் போய்விட்டார். அவரைப் பிடிக்க முடியவில்லை.

பெயர்கள் வாசிக்க ஆரம்பித்தார். நீளமான பட்டியல். அந்த ஊர்ச் சண்டைக்குப் பட்டியல் நீளமாகத்தானே இருக்கும்? ஒவ்வொரு பெயருக்கும் யாராவது எழுந்து போனார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். என் கையெழுத்து இருந்த தாள் வந்தது. ஜெசிந்தா மூன்று முறை போய் வந்தாள்.

"மரியதாஸ் பிலோமினா."

ஜெசிந்தா மெழுகுவர்த்தியோடு பாதி எழுந்தாள். அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேறு யாரும் அசையவில்லை. ஃபாதர் தலையை உயர்த்திக் காத்திருந்துவிட்டு, இன்னொரு தடவை வாசித்தார்.

"மரியதாஸ் பிலோமினா."

கடைசி பெஞ்சில் மரியதாஸ் அண்ணன் எழுந்து நின்றார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அழவில்லை, குரல் உயரவில்லை.

"அவ இன்னும் வரேல்லை, ஃபாதர்" என்றார்.

சர்ச்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பி வாசலைப் பார்த்தோம்.