இரண்டாவது சொம்பு

செருப்பு வார்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினால், வார் கிடந்த இடம் பாதத்தில் பள்ளமாக அப்படியே நிற்கும். வயதாகிறதல்லவா என்று நான் விட்டுவிட்டேன். என் மனைவி பேச்சியம்மாள் விடவில்லை. "மூஞ்சியும்ல உப்பிக் கெடக்கு. கெளம்புங்க" என்று தேனி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏகத்துக்கு ஏறியிருந்தது. ரத்தக் கொதிப்பைக் கண்டுகொள்ளாமல், இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, இனி டயாலிசிஸ்தான் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்றார் டாக்டர் அம்மா.

அந்த நேரத்திலும் என் கவலை வேறாக இருந்தது. எங்களுக்கு வடக்கே உள்ள தோட்டம் விலைக்கு வருவதாகப் பேச்சு. நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வேறு எவனாவது முடித்துவிடுவானோ என்று கிடந்து தவித்தேன். என் ஆசை என்றைக்கும் அப்படித்தான். ஒரு போர்க்கிணறு போட்டால் இன்னொரு போர்க்கிணறு. பைக் வாங்கினால் ஜீப். இது மட்டும் கிடைத்தால் போதும் என்பேன். கிடைத்த மறுவாரமே கண் அடுத்ததற்குப் போய்விடும்.

டயாலிசிஸ் அத்தனை ஆசையையும் துடைத்துப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தது. தண்ணீர். சிறுநீர் பிரியாத உடம்பில், குடிப்பதெல்லாம் நுரையீரலில் போய்த் தேங்கும். அதனால் பாட்டிலில் கோடு போட்டு, காப்பி, ரசம், மாத்திரைக்கான மடக்கு எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பேச்சி சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். நான் அவர்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டால் ஆயுசுக்கும் வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று சாமியிடம் சத்தியம் செய்தேன்.

அப்போதுதான் பன்னீர் திராட்சை அறுப்புக்கு வந்தது. கேரள வியாபாரி, "மதுரம் உண்டோ சேட்டா?" என்று பழத்தின் இனிப்பை விசாரித்தபடி தோட்டத்துக்குள் நுழைந்தார். எங்கள் ஊரில் தோட்டக்காரன் முதலில் தின்று காட்டினால்தான் பேச்சே தொடங்கும். ஒரு கொடி, ஒரு பழம் என்று தின்று காட்டிக்கொண்டே பந்தலுக்கடியில் நடந்தேன். தண்ணீர்தானே கூடாது, பழம்தானே என்று மனது சமாதானம் சொன்னது. அடடா, அந்தச் சாறு தொண்டையில் இறங்கிய சுகம்! வியாபாரி போதும் என்ற பிறகும் நான் நிறுத்தவில்லை.

பொழுது சாய்வதற்குள் மூச்சு முட்டிவிட்டது. படுக்கவும் முடியவில்லை. அவசரமாக டயாலிசிஸ் செய்து மீட்டார்கள். பழத்தில் தண்ணீரோடு பொட்டாசியமும் (அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய உப்பு) உண்டாம்.

"மென்னு பாத்துட்டுத் துப்பியிருக்கலாமே ஐயா?" என்றார் டாக்டர்.

"எந்தோட்டத்துப் பழத்தை நானே துப்புனா வியாபாரி எப்பிடி டாக்டர் வாங்குவாக?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சிக்கு வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட ரெண்டு இருக்குல்ல, ஒன்ன எடுத்து இவுகளுக்கு வையுங்க" என்றாள்.

நான் கூடாது என்றேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கத்தினேன்.

"நீங்க பாத்துப் பாத்துச் சேத்த தோட்டத்துல நான் ஒத்தையில நின்னு என்ன செய்ய? பேசாம இருங்க" என்றாள். அன்றைக்கே பரிசோதனைக்கு ரத்தமும் கொடுத்துவிட்டாள்.

பரிசோதனைகள் பொருந்திவந்தன. மதுரையில் அறுவை சிகிச்சை. கண் விழித்தபோது படுக்கையோரம் தொங்கிய பையில் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். பேச்சியும் நன்றாக இருக்கிறாள் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அழுகை அடங்கியது.

கொஞ்சம் தேறியதும், "இனிமே நல்லாத் தண்ணி குடிக்கணும்" என்று உத்தரவானது. வீட்டிலிருந்து வந்த சொம்பை அண்ணாந்தேன். நெஞ்செல்லாம் குளிர்ந்தது. பிறந்ததிலிருந்து அப்படியொரு சுகம் கண்டதில்லை. ஆசையாக இன்னொரு சொம்பு கேட்டேன். அது வெறும் தண்ணீராக இருந்தது. அந்த வாரக் கடைசியில், "இன்னமுமா குடிக்கணும்?" என்று நர்ஸிடம் சலித்துக்கொண்டேன். பார்க்க வந்திருந்த பேச்சி விலாவைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீக, தையல் வலிக்குது" என்றாள்.

காரில் ஊர் திரும்பும்போது வடக்குத் தோட்டம் கண்ணில் பட்டது. இன்னும் விற்கவில்லை போலிருக்கிறது. "கேட்டுப் பாப்பமா?" என்று வாய் தவறி வந்துவிட்டது. சத்தியம் நினைவுக்கு வந்து வெட்கிப் போனேன்.

பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "இத்தன நாளா ஒன்னுமே வேணாமுன்னு கெடந்தீகளா, எனக்கு ஈரக்கொலையே நடுங்குச்சு. இப்பத்தான் நல்லாயிட்டீக" என்றாள்.

பாட்டிலில் கோடு போட்டுக் குடித்துக்கொண்டு இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்வேன். இந்தத் தாகம் தீரும் நாள் வரலாம். தீர்ந்த கையோடு அடுத்த ஆசை வந்து நிற்கும். அதற்காக வெட்கப்படாதீர்கள். அது உயிர் திரும்பிவிட்டதன் அடையாளம்.

வடக்குத் தோட்டத்தை இன்னும் கேட்கவில்லை. கேட்பேன், அவசரமில்லை. புதுச் சிறுநீரகம் வலது அடிவயிற்றில் இருப்பதால் வேட்டியை இறுக்கிக் கட்டுவதில்லை. முன்பெல்லாம் அறுப்புக்கு அறுப்புதான் காலம் நகரும். இப்போது காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும் (புது உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமல் காப்பவை) நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. வெயிலில் நின்றால் பேச்சி வரப்பிலிருந்து குரல் கொடுப்பாள். "ஏங்க, என்னோடது அங்கன காஞ்சு கெடக்கும், தண்ணி குடிங்க." தாகம் இல்லாவிட்டாலும் குடித்துவிடுகிறேன்.