பழைய லென்ஸில் ஒரு கம்பெனி கேட்

2008 வரை நான் எடுத்த படங்கள் பேருந்தில்தான் சென்னைக்குப் போயின. ஃபிலிம் சுருளைக் காகிதத்தில் சுற்றி, மேலே நாளிதழின் பெயரை எழுதி, ஸ்ரீபெரும்புதூரில் கோயம்பேடு பேருந்து நடத்துநரின் கையில் கொடுப்பேன். கோயம்பேட்டில் அலுவலக உதவியாளர் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் சுருள் அதே பேருந்தில் காஞ்சிபுரம் திரும்பிவிடும். நான் அந்த நாளிதழின் பகுதி நேர நிருபர். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை செய்தியும் நானே, படமும் நானே.

அந்த ஆண்டு செய்தி ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "இனிமே ஃபிலிம் அனுப்பாதீங்க. கழுவ ஆள் இல்ல. டிஜிட்டல் வாங்கிடுங்க. மெயில்ல படம் வரலேன்னா ஏரியாவ வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்."

கேமராவை அலுவலகம் வாங்கித் தருமா என்று கேட்டேன். நல்ல நகைச்சுவையைக் கேட்டவர் போலச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அந்த எல்லை கையைவிட்டுப் போனால் எனக்கு நிருபர் வேலையே கிடையாது. ஒரு எல்லைக்கு ஒருவர் என்பதுதான் வழக்கம்.

என்னிடம் ஃபிலிம் காலத்து லென்ஸ்கள் மூன்று இருந்தன. 28 அகலமான காட்சிக்கு, 50 சாதாரணப் பார்வைக்கு, 135 தூரத்துக்கு. மூன்றும் உலோகம். தரையில் விழுந்தால் தரைதான் சேதமாகும். ஆகவே என் தேவை எளியது: இந்த மூன்றும் மாட்டக்கூடிய டிஜிட்டல் உடல் ஒன்று, லென்ஸ் இல்லாமல். பாரிமுனைக் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெறும் பாடியா? இன்னா சார், வண்டி வாங்கிக்கினு டயரு வேணாம்ன்ற மாரி கீது."

"டயர் என்கிட்ட இருக்கு."

பையைத் திறந்து 50-ஐக் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருகிப் பார்த்து, பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டினார். "டேய், இத்த பாரேன். மியூசியத்துல காணோம்னு தேடினு இருப்பானுங்க."

பிறகு விற்பனைப் பேச்சுக்கு வந்தார். பழைய லென்ஸ் எல்லாம் "ஜம்முனு மாட்டும்" என்றார். மாட்டியது. பட்டனை அழுத்தினேன், ஒளியளவு காட்டும் முள் அசையவில்லை. மீட்டர் வேலை செய்யவில்லையே என்றேன். "மாட்டும்னுதான சார் சொன்னேன்? வேலை செய்யும்னு எப்ப சொன்னேன்?" விலை கூடிய உடலில் மீட்டரும் வேலை செய்யும் என்று ஒன்றைக் காட்டினார். அது என்னால் ஆகாது. குறைந்த விலையுள்ளதையே எடுத்தேன். ஒளியைக் கண்ணால் கணித்துப் பழகியவனுக்கு முள் இல்லாதது பெரிய இழப்பல்ல. தவறினால் பின்பக்கத் திரை உடனே காட்டிக்கொடுக்கும். சுருளில் அதை மறுநாள்தான் அறிய முடிந்தது, அதுவும் உதவியாளர் டீ குடிக்காத நாளில்.

ஒரு குறை மட்டும் உறுத்தியது. டிஜிட்டல் சில்லு ஃபிலிமைவிடச் சிறியது. ஆகவே ஒவ்வொரு லென்ஸும் முன்பு பார்த்ததைவிடக் குறைவாகப் பார்த்தது. என் 28 இனி அகலமானது அல்ல. 50 முகம் எடுக்கத்தான் ஆகும். 135-ஐ மாட்டினால் எதிரில் நிற்பவரின் மூக்கு தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் என் எல்லைக்குள் இன்னொருவர் நுழைந்தார். பென்னலூர் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அவரைப் போன்ற பத்துப் பதினைந்து பேரும் கார்களில் வந்து வடக்குப்பட்டு ஏரிக்கரையில் இறங்குவார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு கேமரா, தோளில் ஒரு பை, பல பைகள் உள்ள ஒரு சட்டை. எதிரே ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்தி. அவளைச் சுற்றி முட்டி போட்டு எடுப்பார்கள். முகத்துச் சுருக்கம் நன்றாக வந்திருப்பதாக ஒருவருக்கொருவர் பாராட்டிக்கொள்வார்கள். அவள் மேய்ச்சல் நிலத்துக்குக் கம்பிவேலி போடப்பட்டது யாருடைய படத்திலும் இல்லை. வேலி வந்தால் ஃப்ரேம் கெட்டுவிடுமாம்.

அவர்களின் பேச்சில் பாதி மெகா பிக்சல்.

"சார், பத்து மெகா பிக்சல் இருந்தா ஹோர்டிங்கே போடலாம்" என்றார் அந்தப் பொறியாளர்.

"எதுக்கு ஹோர்டிங்?"

"போடலாம்னு சொன்னேன் சார்."

என் படங்கள் அச்சாவது இரண்டு பத்தி அகலத்தில், அந்தத் தாளில் மீசைக்கும் காக்கைக்கும் வேறுபாடு தெரியாது என்று விளக்கினேன். அவர் என் 50-ஐப் பார்த்தார். "ஆட்டோ ஃபோகஸ் இல்லையா? ஐயோ பாவம்." இருமலுக்கு மருந்து சொல்லும் குரலில் அதைச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து அதே கூட்டத்தில் காற்று மாறியது. இணையத்தில் யாரோ ஒரு வெளிநாட்டார் பழைய லென்ஸ்களுக்கு 'குணம்' உண்டு என்று எழுதிவிட்டார். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு உலோக லென்ஸோடு வந்தார்கள். ஒருவர் வாங்கியதன் உள்ளே பூஞ்சை படர்ந்திருந்தது, சிலந்தி வலை போல. எடுத்தால் எல்லாம் புகைமூட்டமாக வந்தது. அதைக் கனவு போல இருப்பதாகச் சொன்னார்கள். என்னிடம் வறுமையாக இருந்தது அவர்களிடம் ரசனையாகிவிட்டது.

இதுவரை எனக்கு நட்டமில்லை. பொறியாளர் தன் படங்களை என் செய்தி ஆசிரியருக்கு இலவசமாக அனுப்பத் தொடங்கியபோதுதான் விஷயம் என் சோற்றுக்கு வந்தது. ஆசிரியர் அழைத்தார்.

"அவரு படம் பளிச்சுனு இருக்கு. உங்களது கொஞ்சம் டல்லடிக்குது. ஒரகடத்துல புது கம்பெனி தொறப்பு விழா வருதுல்ல, அவரையும் வரச் சொல்லியிருக்கேன். யாரு படம் நல்லாருக்கோ அவங்களுக்கு ஏரியா. நியாயம்தான?"

நியாயம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

விழாவுக்குப் பொறியாளர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நுழைவாயிலில் காவலாளி எங்களை நிறுத்தினார். நெல்லைப் பக்கத்து ஆள், நடு வயது, சீருடை ஒரு அளவு பெரியது. இந்தத் தொழிற்சாலைகளில் உள்ளே போகும் ஒவ்வொரு செல்போனின் கேமராக் கண்ணிலும் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வெளியே வரும்போது அது கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பத்திரிகைக்காரர்களின் கேமராக்களைப் பற்றி அவருக்கு யாரும் தனியாகச் சொல்லவில்லை.

"கேமரான்னா கண்ணு மேல ஒட்டணும் அண்ணாச்சி. பந்தல்ல போயி பிச்சுக்கிடுங்க."

பொறியாளர் லென்ஸ் மூடி போட்டிருந்தார். ஸ்டிக்கர் மூடியின் மேல் போனது. என் 50-க்கு மூடி தொலைந்து நெடுநாளாயிற்று. ஊறுகாய் பாட்டில் மூடி ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தேன். காவலாளி அதைத் தொட்டார், கழன்று விழுந்தது.

"இது கழண்டுருதுல்லா? கண்ணுலதான் ஒட்டணும்."

"அண்ணே, அது கண்ணாடி. பசை பட்டா போச்சு."

"செல்போன்லயும் கண்ணாடிதான அண்ணாச்சி? ஆயிரம் பேருக்கு ஒட்டுதேன், ஒருத்தரும் குறை சொல்லல."

சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டார். நன்றாக அழுத்தினார், வேலையில் நேர்மையான மனிதர். பிறகு பையைத் திறக்கச் சொல்லி 135-ஐக் கையில் எடுத்தார்.

"இது கேமராவா?"

"இல்ல. லென்ஸு மட்டும்."

"அப்பம் சரி. உள்ள வைங்க."

பந்தலில் ஸ்டிக்கரை உரித்தேன். யாராவது பிரித்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட ஸ்டிக்கர் அது. மேல்தாள் கையோடு வந்தது. பசை மட்டும் கண்ணாடியில் சதுரங்கக் கட்டம் கட்டமாக நின்றது. துணியால் துடைத்தேன், கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தன. 28-ஐ வீட்டில் விட்டு வந்திருந்தேன். 135-ஐ மாட்டினால் முக்கிய விருந்தினரின் காது கிடைத்தது, அதுவும் ஒரு காது. 50-ஐத் திரும்ப மாட்டி எடுத்தேன். மேடை விளக்குகள் எல்லாம் பாலில் நனைந்தாற்போல் வந்தன.

பொறியாளருக்கும் அன்று நல்ல நாள் இல்லை. மேடைக்கு முன்னால் செவ்வந்திப் பூவை மலை போல் குவித்திருந்தார்கள். அவருடைய ஆட்டோ ஃபோகஸ் மனிதர்களைவிடப் பூவை மதித்தது. முன்வரிசைச் செவ்வந்தியின் இதழ் இதழாகத் தெளிவு. பின்னால் விருந்தினர், குத்துவிளக்கு, ரிப்பன் எல்லாம் கரைந்த சோப்பு. அவர் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, "பூ நல்லா வந்திருக்குல்ல சார்?" என்றார். அதற்கு மேல் என்னால் அவரை வெறுக்க முடியவில்லை.

மறுநாள் நாளிதழில் படம் வந்திருந்தது. எனதும் அல்ல, அவருடையதும் அல்ல. கம்பெனியின் விளம்பரப் பிரிவு குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்த படம். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் தொலைபேசியில் மகிழ்ச்சியாக இருந்தார்.

"கம்பெனியே குடுத்துர்றாங்க, பாத்தீங்களா? இனிமே அந்தப் பக்கத்துக்கு ஆளே தேவையில்லபோல."

"கம்பெனி குடுக்காத படம்னு ஒண்ணு இருக்கும் சார்."

"பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு அலுவலகத்தில் ஒரே பொருள்தான்.

அடுத்த சில வாரங்கள் நான் அனுப்பிய எதுவும் அச்சாகவில்லை. நிருபர் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மறந்திருப்பார்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து 50-இன் பசை போயிற்று. கூடவே மேற்பூச்சும் திட்டுத் திட்டாகப் போயிற்று.

பிறகு ஒரு காலை ஆசிரியரே அழைத்தார். சுங்குவார்சத்திரம் அருகே ஒரு தொழிற்சாலை வாசலில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்தவர்களை விடுதி வரை கொண்டுவிட்ட பேருந்து இப்போது நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுகிறதாம். மிச்சத் தூரம் இருட்டில் நடக்க வேண்டும்.

"கம்பெனில படம் கேட்டேன், போனையே எடுக்க மாட்றான். நம்ம இன்ஜினியர் சாரக் கூப்பிட்டேன், 'நானே ஒரு கம்பெனி ஐடி கார்டு மாட்டிக்கிட்டுத் திரியிற ஆளு சார், என்னை விட்ருங்க'ன்னாரு. நீங்க போங்க. இது சரியா வந்தா ஏரியா உங்களுக்கே. அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

மேகமூட்டமான காலை. இருபது வயதுகூட ஆகாத பெண்கள் நூறு பேர் இருக்கலாம், சீருடையோடு கேட்டின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டின் மேல் கம்பெனியின் பெயர்ப் பலகை. கேமராவைத் தூக்கியதும் முன்வரிசை முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருத்தி மட்டும் எழுந்து வந்தாள். சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு.

"அண்ணே, மூஞ்சி தெரியுமா?"

"படம்னா தெரியும்."

"தெரிஞ்சா நாளைக்கே ஐடி கார்ட வாங்கிக்கிட்டு வெளிய அனுப்பிருவாய்ங்கெ. முதுகப் புடிங்க."

"முதுகு போட்டா யாரு எதுக்கு உக்காந்திருக்காங்கன்னே தெரியாது. போட மாட்டாங்க."

"அப்ப எப்படியாச்சும் பண்ணுங்கண்ணே. நீங்கதான கேமராக்காரரு."

முகம் தெரிந்தால் அவள் வேலை போகும். படம் அச்சாகாவிட்டால் என் வேலை போகும். 50-ஐ மாட்டினேன். ஒளி நுழையும் துளையை, அப்பர்ச்சரை, முழுதாகத் திறந்தேன்; அப்போது குறி வைத்தது தவிர மற்றதெல்லாம் மங்கிவிடும். அவர்களுக்கு ஏழெட்டடி தள்ளி முட்டி போட்டு, வளையத்தைக் கையால் திருகி, குறியைப் பின்னால் இருந்த பெயர்ப் பலகையில் வைத்தேன். ஆட்டோ ஃபோகஸ் இருந்தால் அது அருகில் உள்ள முகத்தைத் தேடி ஓடியிருக்கும். எடுத்துத் திரையை அவளிடம் காட்டினேன். பலகையில் எழுத்து எழுத்தாகத் தெளிவு. முன்னால் நீலச் சீருடைகளும் பழுப்பு வட்டங்களும்.

அவள் தோழியைக் கூப்பிட்டாள். "ஏடி, இதுல நீ எங்கடி இருக்க?"

"நீதாண்டி அந்தத் தடிச்சி."

"போடி. இது நானான்னு எனக்கே தெரியல." பிறகு என்னிடம், "இத அனுப்புங்கண்ணே. இது மட்டும்."

சத்திரத்து பிரவுசிங் சென்டரிலிருந்து அந்த ஒரு படத்தை மட்டும் அனுப்பினேன். ஆசிரியர் உடனே அழைத்தார்.

"என்னங்க, பூரா அவுட் ஆஃப் ஃபோகஸ்? கேட் மட்டும் பளிச்சுனு இருக்கு. அந்தப் பழைய லென்ஸா?"

"ஆமா சார், பழைய லென்ஸு."

"வேற இல்லையா?"

"இல்ல சார்."

"ஆளுங்க உக்காந்திருக்கறது தெரியுது. சரி, வேற வழி இல்ல. போட்டுர்றேன்."

போட்டார். எல்லையும் என்னிடமே நின்றது. அதற்கப்புறம் அவர் சொன்னபடியே பேச்சு இல்லை. ஊதியத்தைப் பற்றியும் பேச்சு இல்லை. படம் வந்த காலை பொறியாளர் அழைத்து, முன்னால் மங்கலாக்கிய விதம் அபாரம், என்ன அப்பர்ச்சர் என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார்.

அன்று மாலை அந்தப் பெண்ணைச் சத்திரத்து டீக்கடையில் பார்த்தேன். அவர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்; பேருந்து விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருந்தது. கையில் நாளிதழை மடித்து வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் விரித்து நீட்டினாள்.

"எங்க மூஞ்சி தெரியலண்ணே, சந்தோசம். கம்பெனி பேரையும் காணோமே?"

படம் வந்ததைக் காலையில் கேட்டதோடு சரி, தாளை அப்போதுதான் வாங்கிப் பார்த்தேன். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஓடியது. அலுவலகத்தில் யாரோ நிதானமாக, ஓரம் பிசகாமல் தேய்த்திருந்தார்கள். நான் படத்தில் தெளிவாக வைத்தது அது ஒன்றைத்தான்.

"கம்பெனிக்காரங்க பேப்பருக்கு விளம்பரம் குடுக்கறவங்க" என்றேன்.

"பேரு தெரிஞ்சா அவுகளுக்கும் வேல போயிருமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, தாளைத் திரும்ப வாங்கி மடித்து, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.