வெள்ளிக்கிழமை ஜன்னல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வருகைப் பதிவு, லீவு, ஓவர்டைம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று ஆட்கள் சம்பந்தப்பட்ட எல்லாமே என் ஒருத்தி தலையில்தான். மேலதிகாரி சென்னை அலுவலகத்தில் இருக்கிறார். எப்போதாவது வந்து, ஏ.சி. சரியாக ஓடவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். என் அறையில், ஆட்கள் நடமாடும் பக்கமாக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பல வருஷங்களாக என் உயிரை வாங்கியது அந்த ஜன்னல்தான்.

காலையில் பி.எஃப். கணக்கைத் திறந்து பாதி வந்திருப்பேன், ஜன்னலில் ஒரு தலை தெரியும். "மேடம், ஓ.டி. ஏறிச்சா?" பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினால் எந்த வரியில் விட்டேன் என்பது மறந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அடுத்த தலை வரும். "மேடம், பேங்குக்கு ஒரு லெட்டர் வோணும்." இப்படியே சாயங்காலம் ஆகிவிடும். எல்லா வேலையையும் தொட்டிருப்பேன், எதையும் முடித்திருக்க மாட்டேன்.

இவர்களில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்காரர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெறச் சில வருஷங்களே பாக்கி. தினமும் நாஷ்டா முடித்து, கை கழுவின ஈரத்தோடு வந்து ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொள்வார்.

"எனக்கு லீவு எத்தினி கீது மேடம்?"

"நேத்து எத்தனை இருந்துதோ அத்தனைதான். ராத்திரியோட ராத்திரியா குட்டி போடுமா?" என்று சீறுவேன்.

"செரி மேடம், சும்மா கேட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போவார். மறுநாளும் வந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாதம் இந்தக் கூத்தில், ஒருவருடைய ஓவர்டைமை இன்னொருவர் பெயரில் ஏற்றிவிட்டேன். சென்னையிலிருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று மீஞ்சூருக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து வாரத்தைக் கூறு போட்டேன். திங்கள் வருகைப் பதிவு. செவ்வாய் பி.எஃப்., இ.எஸ்.ஐ. புதன் கான்ட்ராக்டர் பில். வியாழன் ஓவர்டைமும் கடிதங்களும். ஒரு நாளுக்கு ஒரு வேலை, அதை விட்டு இம்மியும் நகர்வதில்லை. மனிதர்களுக்கு வெள்ளிக்கிழமை. ஜன்னலுக்குப் பச்சைத் திரை வாங்கி மாட்டி, வெளியே ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன்: 'நேரில் பேச வெள்ளிக்கிழமை மட்டும்.'

முதலில் முணுமுணுத்தார்கள். "இன்னாடா இது பேஜாரா கீது" என்று யாரோ சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. நான் அசையவில்லை. கொஞ்ச நாளில் பழகிவிட்டார்கள்.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. கணக்கில் தப்பு நின்றது. இருட்டுவதற்கு முந்தைய ரயிலையே பிடிக்க முடிந்தது. சென்னையில் என்னை மெச்சினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

ஆனால் சீக்கிரம் வீட்டுக்கு வந்து என்ன செய்வது? அம்மா போன பிறகு மீஞ்சூர் வீட்டில் நான் ஒருத்திதான். டிவியைப் போட்டுவிட்டு, அது பேசுவதைக் கேட்காமல் காய் நறுக்குவேன். முன்பெல்லாம் பகலில் பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கும், வீட்டின் அமைதி ஒத்தடம் மாதிரி இருக்கும். இப்போது அலுவலகத்திலும் அமைதி, வீட்டிலும் அமைதி. வெள்ளிக்கிழமை வருகிறவர்களும் வரிசையில் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டு, பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டுப் போனார்கள். மகள் பத்தாவதில் வாங்கிய மார்க்கையோ, மாமியாருடன் வந்த சண்டையையோ யாரும் கட்டையில் சாய்ந்து சொல்லவில்லை. பிரஸ் ஷாப்காரர் வெள்ளிக்கிழமையும் வரவில்லை. எனக்குத் தனிமையாக இருந்தது. நானே மாட்டிய திரை, யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரே ஒரு வேலையை மட்டும் எந்தக் கிழமையிலும் கட்டிப்போட முடியவில்லை. சொல்லாமல் இரண்டு நாள் வராதவர்களுக்கு மூன்றாம் நாள் காலையில் போன் போட வேண்டும். இங்கே எதிர்க் கம்பெனியில் கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஆள் சொல்லாமல் ரோட்டைத் தாண்டிவிடுவார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் போனை எடுத்தால் பெரும்பாலும் வேறு சேதிதான் வரும். மனைவிக்குப் பிரசவம், மாதா கோயில் கொடியேற்றம், எளாவூரில் ஒரு சாவு. "யாரும் கேக்கலியேன்னு நெனச்சிகினு இருந்தேன், நீங்களாவது கேட்டீங்களே மேடம்" என்று ஒருவர் ஒரு தடவை சொன்னார். அதைக் கேட்டுவிட்டு, வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படும் என்பதையும் சொன்னேன்.

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்கவே முடியவில்லை. சென்னைக்கு ஒரு தகவல் அனுப்பியிருக்கலாம்தான். மத்தியானம் கொஞ்சம் தெளிந்தபோது போனைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். யார் கேட்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அன்றைக்கு லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். அவளிடம்கூடக் கொஞ்சம் கூடுதலாகவே பேசினேன். புதன்கிழமை அவளும் கூப்பிடவில்லை. ரசம் வைக்கத் தெம்பில்லாமல் ரொட்டியை வெந்நீரில் தொட்டுத் தின்றேன்.

வியாழக்கிழமை வேலைக்குப் போனேன். வாட்ச்மேன் வழக்கம்போல சல்யூட் வைத்தார். திரை மூடியே இருந்தது, அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே இருந்த நாளுக்கும் இல்லாத நாளுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

கணினியைத் திறந்து வராதவர்கள் பட்டியலை எடுத்தேன். தலை இன்னும் கனத்தது. பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து அழுத்துவது என் பழக்கம். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது எண்ணையும் விரல் பாட்டுக்கு அழுத்தியது. அந்தப் பக்கம் மணி போனது. அதே நேரம் என் கைப்பைக்குள் போன் அடித்தது.

கேட்டதும் மனசு துள்ளியது. யாரோ கூப்பிடுகிறார்கள். அவசர அவசரமாகப் பையைக் கிளறி எடுத்தேன். போன் திரையில் 'ஆபீஸ்' என்று இருந்தது. ரிசீவர் இன்னொரு கையில் காதோடு இருந்தது. பட்டியலில் இரண்டாவது பெயர் என்னுடையதுதான்.

இரண்டையும் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையை ஒதுக்கி ஜன்னலைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை. பார்த்தவர்களும் அட்டைக்குக் கட்டுப்பட்டுத் தாண்டிப் போனார்கள். நாஷ்டா நேரம் முடிந்தபோது பிரஸ் ஷாப்காரர் அந்த வழியாக வந்து, ஜன்னலைப் பார்த்து நின்றார்.

"இன்னிக்கி வியாழந்தானே மேடம்?"

"ஆமா."

கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். "இன்னா இப்டி எளைச்சிப் போய்க்கீறீங்க?"

"காய்ச்சல். ரெண்டு நாளா வரலை."

"அய்ய, நாங்க உள்ளதான் கீறீங்கன்னு நெனச்சிகினு இருந்தோம். ஒரு போன் பண்ணி சொல்லிருக்கலாம்ல?"

"யாருக்கு?" என்றேன்.

அவர் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கட்டையில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு லீவு எத்தினி கீது மேடம்?"

எனக்கு அது மனப்பாடமாகவே தெரியும். இருந்தாலும் ஓவர்டைம் கணக்கை மூடிவிட்டு, அவர் பக்கத்தைத் திறந்து, மெதுவாகப் பார்த்துச் சொன்னேன்.