அக்காளுக்கு எடுத்த கோடிச் சேலை

என் அக்காள் ஏசுவடியாளைக் கட்டிய ஞானஒளிவு அத்தானை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இன்றைக்கும் பிடிக்காது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்தார். நல்லதுக்கும் கூப்பிடுவார்கள், கெட்டதுக்கும் கூப்பிடுவார்கள், கெட்டதுக்குத்தான் அதிகம். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எவளாவது விழுந்து செத்தால் போலீஸ் ஜீப் இவர் கடை வாசலில்தான் வந்து நிற்கும். கரையில் கிடத்திய பிணத்தைப் படம் எடுத்துக் கொடுப்பார். மறுநாள் அதே கையால் கல்யாணப் பெண்ணின் மோவாயை நிமிர்த்துவார். நான் அவர் வீட்டில் கை நனைத்ததே இல்லை.

எழுபத்தொன்பது சித்திரையில் அந்த மனிதருக்குப் புதுக் கிறுக்குப் பிடித்தது. தண்ணீருக்குள் ஆளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த தகரப் பெட்டி ஒன்று செய்தார். மேல்வாய் திறந்திருக்கும். கேமராவை உள்ளே வைத்து, விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற கேமரா என்பதால் அந்த வித்தை பலித்தது. அதற்கு முன் செய்த பெட்டி ஒழுகி ஒரு கேமரா பாழாய்ப் போயிருந்தது. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தண்ணீருக்குள் நிற்க எவள் வருவாள்? பெண்டாட்டியையே இறக்கினார். கிணற்றில் குதித்து வளர்ந்தவள் இவள். பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். சேலை மேலே மிதந்து மானம் போகக் கூடாதே, அதற்காக விசைத்தறியில் கழித்துப் போட்ட நட்டுகளைக் கீழ்க்கரை நெடுகத் தைத்தார்களாம். உச்சி வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்குகிற நேரத்தில் அவர் படியில் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பார். இவள் மூச்சையெல்லாம் விட்டுவிட்டு அமிழ்ந்து, கண்ணைத் திறந்து, முந்தானையை விரித்துப் பிடிப்பாள். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. தேறிய ஒரே படத்தைப் பெரிதாக்கிக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் வைத்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

நான் குருவிகுளத்தில் வாத்தியார். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவில் சந்தையில் ஆடு விற்றுவிட்டு வந்த எங்கள் ஊர்ச் சிவனாண்டி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"சார்வாள், மோசம் போயிட்டு. ஒங்க அக்கா கெணத்துக்குள்ள மெதக்காவ. போட்டோவக் கடையிலயே வச்சிருக்கு. ஊரே நின்னு பாக்கு."

நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். படித்தவன். கேட்கவில்லை. அந்த ஆள் கிணற்றில் எடுத்த படம் என்றால் பிணம்தான், அவரே தள்ளியும் விட்டிருப்பார் என்று என் புத்தி முடிவு கட்டிவிட்டது. செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை போர்த்தாமல் அடக்கம் நடக்கக் கூடாது. ஜவுளிக் கடைக்கு ஓடி, தாழம்பூக் கரை போட்ட புதுச் சேலை ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவள் நெஞ்சில் அறைந்து அழுதாள். அவளைப் பார்த்துப் பஸ்ஸே அழுதது.

கடை வாசலில் கூட்டம். கண்ணாடிக்குள் தலைமுடி மேல்நோக்கிப் பரந்து கிடக்க, அக்காள். "என்னப் பெத்த தாயே, போயிட்டியே" என்று அம்மா அதன் முன்னால் விழுந்தாள். சத்தம் கேட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அக்காள் ஓடி வந்தாள். கையெல்லாம் இட்லி மாவு.

"யம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

கூட்டம் சிரித்தது. "வாத்தியாரு கையில கோடியப் பாருங்கலே" என்று எவனோ கத்த, இன்னும் சிரித்தது. அக்காள் பிழைத்திருக்கிறாளே என்ற நிம்மதி எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவமானம்தான் வந்தது. கீழே கிடந்த கல்லை எடுத்து முகப்புக் கண்ணாடியில் எறிந்தேன். கண்ணாடி சிதறி, படமும் கிழிந்தது.

அத்தான் வெளியே வந்தார். "மாப்ள, உள்ள வாரும்" என்றார்.

"பொணத்த எடுக்க கையால எங்க அக்காவ எடுப்பீரோ? இன்னொரு தடவ இப்படிப் படம் இங்கன இருந்துச்சு, இவளக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

அவர் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அக்காள்தான் முன்னால் வந்தாள்.

"ஒங்க அத்தான் பதினோரு பொம்பளையள, செத்த பொறவுதான் படம் பிடிச்சிருக்காவ. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாளு அவியளுக்குச் சோறு எறங்காது. ஒருத்தியையாவது தண்ணிக்குள்ள உசிரோட பாக்கணும்னாவ. நான் எறங்குனேன். ஒனக்கு என்னலே நோவு?"

என் கையிலிருந்த சேலையைப் பார்த்தாள்.

"செத்திருந்தா கோடி போட்டு அழுதிருப்ப. உசிரோட இருக்கேன்னுதான கல்லெடுக்க? அந்தச் சேலையத் தா. எனக்குன்னுதான வாங்குன?"

மாவுக் கையாலேயே பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வைகாசியில் ஒரு வேலையாகச் சங்கரன்கோவில் போனேன். எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தேன், கண் மட்டும் அங்கே போய்த் தொலைத்தது. கடைக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். உள்ளே புதுப் படம். அக்காள் தண்ணீருக்குள் இரண்டு கைகளையும் விரித்து, நேராக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் கிணறு கொள்ளாமல் விரிந்திருந்தது சேலை. கரையைப் பார்த்தேன். தாழம்பூக் கரை. அவள் பிணத்துக்கென்று நான் பொறுக்கி எடுத்தது.