மட்டைக்கு அடியில் மறைத்த டிராக்டர்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். "அமைதியான மனிதர்னு ஆரம்பி" என்றார் அண்ணி. மூன்று முறை அப்படி ஆரம்பித்து, மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். அண்ணன் அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். தங்கையான எனக்கும் அதே குணம்தான். இதை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்து நடந்துவிட்டேன்.

அண்ணன் மலேசியாவில் சிரம்பானை அடுத்த லாபு பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். அம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தபோது லயத்து வீடுகளில் இருந்த சனமெல்லாம் சிரம்பான் டவுனுக்குப் போனது. நாங்களும் அங்கே ரஹாங்குக்குக் குடிவந்தோம். அண்ணன் மட்டும் தினமும் காலையில் கிளம்பித் தோட்டத்துக்கே திரும்பிப் போனார். முதலில் பழக்குலை வெட்டினார். பிறகு பழைய சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கி, குலை வெட்டி ரோட்டோரம் கொண்டுவந்து சேர்க்கும் குத்தகையை எடுத்தார். அங்கிருந்து லாரி எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும். ஆறு வெட்டுக்காரர்கள், ஒரு டிராக்டர். அந்த டிராக்டர்தான் எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்தது.

வெட்டிய குலை காத்திருக்காது. மறுநாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். அப்படிக் கெட்டால் குத்தகை வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற பயம் அண்ணனை விட்டதே இல்லை. டிராக்டரோ, காய்ப்பு அதிகமான மாதம் பார்த்து, மழை பார்த்துத்தான் படுக்கும். ஒரு நாள் பெல்ட், மறுநாள் கியர், அடுத்த வாரம் எண்ணெய்க் குழாய். போன் எனக்குத்தான் வரும்.

"தங்கச்சி, சிரம்பான் கடையில ஒரு சாமான் வாங்கணும்."

"செண்டாயான்ல வேலைல இருக்கேண்ணே."

"சரிலா, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வா."

போவேன். என் கார் இருக்கையில் கிரீஸ் கறை இன்னும் இருக்கிறது.

டிராக்டர் படுத்துவிட்டது என்று தோட்டத்து ஆபீசில் மட்டும் சொல்லவே மாட்டார். ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி மோட்டார் சைக்கிளில் சுற்றி வரும் நேரம் அண்ணனுக்கு அத்துப்படி. அதற்குள் எல்லாருமாய்ச் சேர்ந்து டிராக்டரைப் பனை வரிசைக்குள் தள்ளி, வெட்டிய மட்டைகளைப் போட்டு மூடிவிடுவார்கள். ஒருமுறை சாமான் கொண்டுபோன நான் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே இந்த வேஷம்? ரிப்பேருன்னு சொன்னா தலையையா வாங்கிடுவாங்க?" என்றேன்.

"மெஷின் இல்லாதவன்னு பேரு வந்துட்டா முடிஞ்சதுலா. அந்த ஸ்பேனர எடு."

நெஞ்சு வலியையும் அப்படித்தான் மூடி வைத்தார். பாரம் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கத்தினேன். "சின்ன ரிப்பேர்தான்" என்று சிரித்தார்.

சென்ற ஆண்டு, மரமெல்லாம் காய்த்துத் தள்ளிய நேரத்தில் டிராக்டரின் பம்ப் உடைந்தது. புதியது கிள்ளானிலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அண்ணன் வெட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கிராணிக்குத் தெரிந்துவிடுமே. டிராக்டரை மட்டையால் மூடிவிட்டு, ஆட்களோடு ஆளாகக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி ரோட்டுக்குத் தள்ளினார். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வண்டியோடு சாய்ந்தார். ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

அவருடைய போன் என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். தோட்டத்துக்குத் திரும்பிப் போயிருந்த வெட்டுக்காரர்களில் மூத்தவர், இந்தோனேசியக்காரர், அழைத்தார். நேற்று வெட்டியதில் பாதிக்கு மேல் உள்ளேயே கிடக்கிறது, என்ன செய்வது என்று மலாயில் கேட்டார். அண்ணிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் குத்தகையை விட்டால் வேறு வழியில்லை. உடலைக் கொடுக்க நேரமாகும் என்றார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் அங்கே கிடக்கும்போது இவள் எங்கே போனாள் என்று பேசியவர்கள் உண்டு. பேசட்டும். உட்கார்ந்து அழ எனக்கு அன்று முடியவில்லை.

பெரிய கிராணியிடம் செய்தியைச் சொன்னேன். அண்ணன் சொல்லாததையும் சொன்னேன். "டிராக்டர் ரிப்பேருங்க ஐயா. பழம் உள்ள கெடக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்மா. அந்த மட்டைக் குவியலத் தாண்டித்தான் தெனமும் போறேன். எத்தன வருஷமா பாக்குறேன், டயர் வெளிய தெரியும்." எழுந்து, சாவிகள் மாட்டியிருந்த பலகைக்குப் போனார். "தோட்டத்து டிராக்டர் ஒண்ணு ஸ்டோர்ல சும்மாதான் நிக்குது. டிரைவரோட அனுப்புறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போம்மா."

மாலைக்குள் எல்லாக் குலைகளும் ஆலைக்குப் போய்விட்டன. குத்தகை தப்பியது. இப்போது அண்ணியின் தம்பி பார்த்துக்கொள்கிறார்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடி, திரும்பிப் போய் வேலையையும் முடித்துவிட்டு, மறுநாள் வீட்டு வாசலில் வந்து நின்ற அந்த ஆறு பேருக்கும், அன்று டிராக்டர் ஓட்டிய டிரைவருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய ரஹாங் அண்டை வீட்டாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெரிய கிராணிக்குக் கருமக்கிரியை அன்று நேரிலேயே நன்றி சொன்னேன். கையிலிருந்த காப்பியைக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். "ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே சாவியக் குடுத்திருப்பேன்மா. ஏன் அவரு கேக்கவே இல்ல?" என்றார்.

'தெரிந்திருந்தும் நீங்கள் ஏன் கேட்கவில்லை?' என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். கிள்ளானுக்குப் போன் செய்து அந்தப் பம்பைச் சொல்லி வைத்தவளே நான்தான். மூன்று நாள் ஆகும் என்று அண்ணனிடம் சொன்னதும் நான்தான். அந்த மூன்று நாளும் பழத்தை யார் தூக்குவார்கள் என்று நானும் கேட்கவில்லை.